படகு எந்தப் பக்கம் நின்றது? கடல் எல்லைச் செய்தியை நீங்களே சோதிக்கும் முறை

"எல்லை தாண்டி மீன்பிடித்தவர்கள் நெடுந்தீவுக் கடற்பரப்பில் கைது" என்று ஒரு செய்தி வரும். மறுநாள் இராமேசுவரத்திலிருந்து "நாங்கள் எங்கள் கடலில்தான் நின்றோம்" என்று மறுப்பு வரும். கடலுக்குத் தொலைவில், கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் இருந்துகொண்டு இரண்டையும் படிப்பவர் தமக்குப் பிடித்த தரப்பை நம்புவார், அல்லது இரண்டையும் தள்ளிவிடுவார். மூன்றாவது வழி ஒன்று உண்டு. படகு நின்ற இடம் எண்ணாகத் தரப்பட்டிருந்தால், அது எந்தப் பக்கம் என்பதை ஒரு தாளும் பென்சிலும் கைத்தொலைபேசியும் வைத்து எவரும் கணக்கிடலாம். ஆசிரியர், மாணவர், பிரதேச நிருபர் எவராயினும் இந்தக் கணக்குக்குக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. இடம், நேரம், கருவி, கோடு என்ற நான்கும் இல்லாமல் சொல்லப்படும் "எல்லை தாண்டினார்கள்" என்பதும் "தாண்டவில்லை" என்பதும் வெறும் கூற்றுகளே. நான்கும் இருந்தால் அதே கூற்றைச் சோதிக்க முடியும். இந்த அத்தியாயம் அந்தச் சோதனையைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறது.

முதலில் கேட்க வேண்டியது: ஒப்புக்கொண்ட கோடு உண்டா?

படகின் இடத்தை எவ்வளவு துல்லியமாக அறிந்தாலும், எந்தக் கோட்டோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவில்லாவிட்டால் பயனில்லை. 2007 மார்ச் 23 அன்று பாரசீக வளைகுடாவின் வடமுனையில், இந்தியக் கொடியேந்திய வணிகக் கப்பல் ஒன்றைச் சோதித்துவிட்டுத் திரும்பிய 15 பிரித்தானியக் கடற்படையினரை ஈரான் பிடித்துச் சென்றது. சம்பவ இடம் 29°50.36' வடக்கு, 48°43.08' கிழக்கு என்றும், அது ஈராக் கடலுக்குள் 1.7 கடல்மைல் என்றும் பிரித்தானியா அறிவித்தது. நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு வரை எண் தந்தாயிற்று. ஆனால் 1975 இல் ஈரானும் ஈராக்கும் ஒப்புக்கொண்டது ஆற்றின் முகத்துவாரம் வரையிலான எல்லையை மட்டுமே. முகத்துவாரத்துக்கு அப்பால் கடலில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட கோடு எதுவும் இருக்கவில்லை. பிரித்தானியா வெளியிட்ட வரைபடம் இருந்திருக்க வேண்டிய அளவுக்குத் தெளிவாக இருக்கவில்லை என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழுவே அதே ஆண்டில் சொன்னது. படகின் புள்ளி சரியாக இருந்திருக்கலாம். எல்லையாகக் காட்டிய கோடு ஒரு தரப்பின் கருத்தாகவே நின்றது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பாக்கு நீரிணையின் நிலை வேறு. 1974 யூன் 26 இல் கொழும்பிலும் 28 இல் புதுதில்லியிலும் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, ஆறு புள்ளிகளால் ஒரு கோட்டைத் தந்தது. மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லையை 1976 மார்ச் 23 உடன்படிக்கை தொடர்ந்து வரைந்தது. நீரிணையில் உள்ள கச்சதீவை 1974 கோடு இலங்கைப் பக்கம் விட்டது செல்லாது என்ற வாதம் தமிழ்நாட்டில் ஓயவில்லை என்பதும், 2008 இல் அம்மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா அதை இந்திய உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார் என்பதும் உண்மை. அப்படியானால் இந்தக் கோட்டை ஏன் ஏற்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். ஏற்கச் சொல்லவில்லை. முடிவை எழுதும்போது "1974 உடன்படிக்கைக் கோட்டின்படி" என்ற சொற்களைச் சேர்த்தால் போதும். கோட்டை மறுப்பவரும் கணக்கை மறுக்க முடியாது. கோடு நியாயமா என்பது ஒரு விவாதம், படகு கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றது என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்தால் இரண்டிலும் தெளிவு கிடைக்காது.

கையில் வைத்திருக்க வேண்டிய ஆறு புள்ளிகள்

இவற்றை உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் பாகையிலும் தசம நிமிடத்திலும் உள்ளன.

- புள்ளி 1: 10°05.00' வடக்கு, 80°03.00' கிழக்கு
- புள்ளி 2: 09°57.00' வடக்கு, 79°35.00' கிழக்கு
- புள்ளி 3: 09°40.15' வடக்கு, 79°22.60' கிழக்கு
- புள்ளி 4: 09°21.80' வடக்கு, 79°30.70' கிழக்கு
- புள்ளி 5: 09°13.00' வடக்கு, 79°32.00' கிழக்கு
- புள்ளி 6: 09°06.00' வடக்கு, 79°32.00' கிழக்கு

புள்ளிகளை இணைப்பவை பெருவட்ட வில்கள் என்கிறது உடன்படிக்கை. மிக நீளமான துண்டான 1–2 இல்கூட, வில்லுக்கும் வரைபடத்தில் அளவுகோலால் இழுக்கும் நேர்கோட்டுக்கும் இடையிலான விலகல் பத்து மீட்டர் அளவுதான். நம் தேவைக்கு நேர்கோடு போதும்.

சோதனை: எட்டுப் படிகள்

1. கூற்றை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் செயலின்போது என்று பிரித்து எழுதுங்கள். ஒரு கைதில் குறைந்தது மூன்று இடங்கள் உண்டு: ராடாரில் படகு முதலில் தெரிந்த இடம், கடற்படையினர் படகில் ஏறிய இடம், படகைக் கட்டி இழுத்துச் சென்ற இடம். இடையில் ஒரு மணி நேரம் போனால், மூன்று நொட் வேகத்தில் போகும் படகு மூன்று கடல்மைல் நகர்ந்துவிடும். ஒரு தரப்பு முதல் இடத்தையும் மறு தரப்பு இரண்டாவது இடத்தையும் சொன்னால், இருவரும் உண்மையே சொல்லியிருந்தாலும் செய்தி முரண்படும். "நெடுந்தீவுக்கு அருகே" என்ற சொல்லை ஆள்கூறாக எடுக்காதீர்கள். தீவின் நடுப்பகுதியிலிருந்து மேற்கே எல்லைக்கோடு ஏறத்தாழ 14 கடல்மைல் தொலைவில் இருக்கிறது. அந்தப் பரப்பு முழுவதுக்கும் அதே பெயரைச் சொல்ல முடியும்.

2. ஆள்கூற்றை ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. பயிற்சிக்காக ஒரு கற்பனைப் படகை 9°30.0' வடக்கு, 79°28.5' கிழக்கில் வைப்போம். இதை அவசரத்தில் 9.30, 79.285 என்று தொலைபேசி வரைபடத்தில் தட்டினால், புள்ளி இராமேசுவரம் நகரை ஒட்டி விழும்! 9.30 பாகை என்பது 9°18' ஆகும், 9°30' ஆகாது. 79.285 பாகை என்பது 79°17.1'. ஒரு புள்ளிக்குறி ஏறத்தாழ 30 கிலோமீட்டரை விழுங்கிவிட்டது, படகும் நாடு மாறிவிட்டது. சரியான மாற்றம் இதுதான்: நிமிடத்தை 60 ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். 9°30.0' என்பது 9.5000, 79°28.5' என்பது 79.4750. தசம நிமிடத்தைச் செக்கனாக வாசிப்பது இன்னொரு தவறு. புள்ளி 3 இன் 40.15' என்பது 40 நிமிடம் 9 செக்கன். அதை 40 நிமிடம் 15 செக்கன் என்று எடுத்தால் 185 மீட்டர் பிசகும்.

3. எந்தத் துண்டு என்று கண்டுபிடியுங்கள். படகின் அகலக்கோடு எந்த இரு புள்ளிகளுக்கு இடையில் வருகிறது என்று பாருங்கள். 9°30' என்பது புள்ளி 3க்கும் 4க்கும் இடையில் உள்ளது. 3–4, 4–5, 5–6 துண்டுகளில் மேற்கே இந்தியா, கிழக்கே இலங்கை. 2–3 துண்டு சரிந்து செல்கிறது. அதன் வடமேற்கே இந்தியா, தென்கிழக்கே இலங்கை. 1–2 துண்டு பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் அங்கே வடக்கே இந்தியா, தெற்கே இலங்கை.

4. அதே அகலக்கோட்டில் எல்லை எங்கே என்று கணக்கிடுங்கள். புள்ளி 3 இலிருந்து தெற்கே படகு வரை 40.15 – 30.00 = 10.15 நிமிடம். துண்டின் முழு வீச்சு 40.15 – 21.80 = 18.35 நிமிடம். விகிதம் 0.553. நெடுங்கோட்டு வீச்சு 30.70 – 22.60 = 8.10 நிமிடம், அதில் 0.553 பங்கு 4.48 நிமிடம். ஆகவே 9°30' இல் எல்லை 79°27.08' கிழக்கில் இருக்கிறது. படகு 79°28.5' இல் இருப்பதால் கோட்டுக்குக் கிழக்கே, இலங்கைப் பக்கம். 1–2 துண்டில் மட்டும் நெடுங்கோட்டை நிலையாக வைத்து அகலக்கோட்டை இதே முறையில் கண்டுபிடியுங்கள்.

5. தூரத்தை அளவிடுங்கள். வித்தியாசம் 1.42 நிமிடம். அகலக்கோட்டில் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர். நெடுங்கோட்டில் ஒரு நிமிடம் இந்தப் பகுதியில் 0.986 கடல்மைல். எனவே கிழக்கு மேற்காக 1.40 கடல்மைல். கோடு சாய்ந்திருப்பதால் செங்குத்துத் தூரம் சற்றுக் குறையும். 3–4 துண்டுக்கு 0.92 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.29 கடல்மைல், அதாவது 2.4 கிலோமீட்டர் கிடைக்கும். கடல்மைலையும் தரைமைலையும் கலக்காதீர்கள். தரைமைல் 1609 மீட்டர்தான்.

6. பிழை வரம்பைச் சேருங்கள். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அது நீக்கப்பட்டபின், திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கருவி ஐந்து பத்து மீட்டருக்குள் இடம் சொல்கிறது. அப்படியிருக்க வரம்பு எதற்கு என்று கேட்கலாம். பிழை கருவியில் மட்டும் இல்லை, கோட்டிலும் இருக்கிறது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புவி ஆதாரம் (ஆள்கூறுகளை அளக்கும் அடிப்படைச் சட்டகம்) உருவாகுமுன்பே 1974 புள்ளிகள் எழுதப்பட்டுவிட்டன. எந்த ஆதாரத்தில் அமைந்தவை என்று உடன்படிக்கை சொல்லவில்லை. கடலில் அவற்றின் உண்மையான இடத்தை இரு நாட்டு நிலஅளவையாளரும் ஒப்புக்கொள்ளும் முறையில் தீர்மானிக்க வேண்டும் என்றே மூன்றாம் உறுப்புரை சொல்கிறது. இப்பகுதியின் பழைய வரைபடங்கள் பயன்படுத்திய எவரெஸ்ட் ஆதாரத்துக்கும் டபிள்யூஜிஎஸ் 84க்கும் இடையே ஒரே எண் சில நூறு மீட்டர் விலகி விழக்கூடும். ஆகவே கோட்டின் இருபுறமும் 500 மீட்டரை "சொல்ல முடியாத பட்டை" என்று ஒதுக்குங்கள். நம் கற்பனைப் படகு 2.4 கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. எந்த ஆதாரத்தை எடுத்தாலும் அது இலங்கைப் பக்கமே. 300 மீட்டர் உள்ளே என்று வந்திருந்தால், நேர்மையான விடை "தெரியவில்லை" என்பதுதான்.

7. இரண்டாவது சான்றைத் தேடுங்கள். ஒரு கருவியின் ஒரு படம் போதாது. படகின் ஜிபிஎஸ் திரையில் ஆள்கூறு, நேரம், ஆதாரத்தின் பெயர் மூன்றும் தெரிகின்றனவா என்று பாருங்கள். நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி கூட்டுங்கள். இந்த ஐந்தரை மணியை மறந்தால் மூன்று நொட் வேகத்தில் 16 கடல்மைலுக்கு மேல் பிசகும். ஒற்றைப் புள்ளியை விட, முன்னும் பின்னும் உள்ள பயணத்தடம் பல மடங்கு பெறுமதியானது. கடற்படையின் ராடார்ப் பதிவு, நீதிமன்றத்தில் சமர்ப்பித்த அறிக்கை, அருகில் நின்ற வேறு படகின் தடம் ஆகியவை ஒன்றையொன்று சாராத சான்றுகள். ஓர் அறிக்கையைப் பார்த்து எழுதிய மூன்று செய்திகள் மூன்று சான்றாகா.

8. முடிவை முழுமையாக எழுதுங்கள். "இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன கருவி காட்டிய இடம், 1974 உடன்படிக்கைக் கோட்டின்படி, இன்ன பக்கம், இவ்வளவு தூரம், இவ்வளவு பிழை வரம்புடன்" என்பதே வடிவம். விடை மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சொல்ல முடியாது.

கப்பல் வரைபடத் தளங்களை எவ்வளவு நம்பலாம்?

கைத்தொலைபேசியில் கப்பல்களைக் காட்டும் தளங்கள், கப்பலின் அடையாளத்தையும் இடத்தையும் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் சமிக்ஞையை வைத்து இயங்குகின்றன. சர்வதேசப் பயணம் செய்யும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் அந்தக் கருவியைப் பொருத்தியாக வேண்டும். பாக்கு நீரிணையில் ஓடும் சிறு இழுவைப் படகுக்கும் வள்ளத்துக்கும் அந்த விதி இல்லை. எனவே தளத்தில் படகு தெரியவில்லை என்பது படகு அங்கே இல்லை என்பதற்குச் சான்றாகாது. தெரிந்தாலும் கவனம் வேண்டும். ஒன்பது இலக்க அடையாள எண் 419 என்று தொடங்கினால் இந்தியா, 417 என்றால் இலங்கை. ஆனால் அந்த எண்ணையும் இடத்தையும் கருவி தானே அறிவிக்கிறது, வேறெவரும் சரிபார்ப்பதில்லை. 2021 யூனில் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலும் ஒரு நெதர்லாந்துப் போர்க்கப்பலும் செவஸ்தபோல் துறைமுகத்தை நெருங்கியதாக ஏஐஎஸ் தடம் காட்டியது. அதே இரவு அவை ஒடெசாவில் கட்டப்பட்டிருந்ததைத் துறைமுகக் கமராக்கள் காட்டின. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல் 2 செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். சிறு படகு அதில் ஓரிரு புள்ளிகளாகத்தான் தெரியும். யாருடைய படகு என்று அது சொல்லாது.

பிலிமத்தலாவையில் செய்யக்கூடிய பயிற்சி

கடலுக்குப் போகாமலே இந்த முறை முழுவதையும் பழகலாம். பிலிமத்தலாவைப் புகையிரத நிலையத்தின் ஆள்கூற்றையும் கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தின் ஆள்கூற்றையும் இணைய வரைபடத்தில் எடுங்கள். இரண்டையும் தசம நிமிடத்துக்கு மாற்றி, இடையே நேர்கோடு இழுங்கள். அதுவே உங்கள் எல்லை. பிறகு இரண்டுக்கும் இடையில் திறந்த மைதானம் ஒன்றிலோ கோயில் முற்றத்திலோ நின்று, ஒரு நிமிடத்துக்கு ஒன்றாக இருபது அளவீடுகளை எழுதுங்கள். நகராமல் நிற்கும்போதே எண்கள் எவ்வளவு அலைகின்றன என்று தெரியும். அந்த அலைவே உங்கள் கருவியின் பிழை. அடுத்து, சந்தியில் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கடையின் உள்ளே நின்று அதையே செய்யுங்கள். அலைவு கூடும். படகின் அறைக்குள் வைத்த கைத்தொலைபேசிக்கும் இதுவே நடக்கும். இறுதியாக, நான்காம் படியின் கணக்கைச் செய்து நீங்கள் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று எழுதி, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இங்கே கோடு கிழக்கு மேற்காகக் கிடப்பதால் நெடுங்கோட்டை நிலையாக வையுங்கள்.

*குறிப்பு:* நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களில் பிதுருதலாகலைத் தொடக்கப் புள்ளிக்கு 200000, 200000 என்று மீட்டரில் எண் தரப்பட்டிருக்கும். 1999 முறையில் அதே புள்ளிக்கு 500000, 500000. முறையின் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எடுத்தால் ஒவ்வொரு அச்சிலும் 300 கிலோமீட்டர் தவறும். ஆதாரத்தின் பெயரை எப்போதும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

பாதுகாப்பு

1. இந்தக் கணக்கு செய்தியைச் சோதிப்பதற்கு மட்டுமே. படகோட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். எல்லையை நேரில் பார்க்க வள்ளம் ஏறாதீர்கள்.
2. பயிற்சியின்போது தண்டவாளத்திலோ கண்டி வீதியின் விளிம்பிலோ நின்று தொலைபேசியைப் பார்க்காதீர்கள்.
3. ஒரு மீனவர் தரும் பயணத்தடத்தில் அவருடைய மீன்பிடித் தளங்கள் அத்தனையும் இருக்கும். அனுமதியின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள், கடலில் நிற்கும் படகின் இடத்தை உடனுக்குடன் வெளியிடாதீர்கள்.
4. கடற்படை முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். வழக்கு நடக்கும்போது உங்கள் முடிவைத் தீர்ப்பாக அறிவிக்காதீர்கள்.

இந்தக் கணக்கு சொல்லாதவை

கடலில் கோடு ஏது, எங்கள் முன்னோர் இரு கரையிலும் வலை வீசினார்களே என்ற மறுப்பை இலேசாகத் தள்ள முடியாது. 1974 உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரை, இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகளைப் பேசுகிறது. 1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்களோ ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. எதிர்ப்புறத்தில், போர்க்காலத்தில் கடலை இழந்திருந்த வடபகுதிக் கடற்றொழிலாளரின் வலைகளை இழுவைமடி அறுத்துச் செல்கிறது என்ற துயரமும் உண்மையே. இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. இவற்றில் எது முந்த வேண்டும் என்று 79°27.08' என்ற எண் சொல்லாது. எல்லையைத் தாண்டியதும் அங்கே மீன்பிடித்ததும்கூட இரு வேறு கேள்விகள், இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும்.

அப்படியானால் இந்தச் சிரமம் வலியவருக்கே உதவாதா, ராடாரும் பதிவேடும் கடற்படையிடம்தானே இருக்கின்றன என்று கேட்பார்கள். எண் கேட்கப்படாத இடத்தில்தான் வலியவரின் சொல் தானாக உண்மையாகிறது. எண்ணைக் கேட்டால் இருதரப்பும் கணக்குக் காட்ட வேண்டி வரும். தடத்தைச் சேமித்து வைத்த ஏழை மீனவரின் கருவிக்கும் அப்போது சான்றின் மதிப்பு கிடைக்கும். அவர் உண்மையிலேயே தாண்டியிருந்தால், மறுகரையில் வலை இழந்த இன்னொரு ஏழைக்கு அதே கணக்கு நியாயம் செய்யும். அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, பகிர்வதற்கு முன் அதில் ஆள்கூறும் நேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்தி வெளியிட்டவரிடம் எழுதிக் கேளுங்கள். வாசகர்கள் விடாமல் கேட்டால், வெளியிடுபவரும் எண்ணோடு எழுதப் பழகுவார்.